மச்சினனுக்கு வைத்த எலுமிச்சைத் தண்ணீர்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை. கதையில் வருகிற மனிதர் அவ்வளவு பெரிய முட்டாளாக இருக்கிறார். அத்தனை முட்டாள்தனத்தை ஒரே உடம்பு தாங்குமா என்பது என் முதல் சந்தேகம். இதை எனக்குச் சொன்னது என் மனைவி என்பது இரண்டாவது சந்தேகம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் காரணமில்லாமல் எதையும் சொல்கிறவளும் இல்லை.

அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவளோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சரின் வீட்டுக்காரருக்கு நடந்தது என்று சொன்னாள். எனக்கு இடுப்பில் ஒரு குத்தல் வந்து, அது வாயுதான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, சோபாவில் ஒருக்களித்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. அடுத்தவன் வீட்டில் அடுத்தவன் அசடு வழிவதைக் கேட்பது வலிக்கு நல்ல மருந்து. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

அந்த மனிதருக்கு மீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். அதை யாரும் உபயோகிக்காததால் துருப்பிடித்துப் போயிருந்தது. குடிநீர் இலாகாவில் மீட்டர் இன்ஸ்பெக்டர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்ப்பது வேலை. அதற்கு மேல் அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு: உபதேசம். ஒழுகுகிற குழாயைக் கண்டால் போதும், அந்த வீட்டு மனிதர்களை வாசலில் வரிசையாக நிற்க வைத்து, தண்ணீரின் அருமை பெருமைகளைச் சொல்லாமல் நகரமாட்டார். தண்ணீர் உயிர், தண்ணீர் நாகரிகம், தண்ணீர் எதிர்காலம்.

அப்படிப்பட்டவர் தண்ணீர் குடிக்கமாட்டார். தண்ணீரோடு அவருக்கு இருந்தது வெறும் அலுவலக உறவு.

காரணம் கௌரவம். ஒரு வீட்டுக்குள் அதிகாரியாக நுழைந்து, குரலை உயர்த்தி, குழாயைக் குறை சொல்லிவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க பாத்ரூம் எந்தப் பக்கங்க?" என்று கேட்பதா? சீ! அதிகாரம் என்னாவது? இந்தச் சிக்கலுக்கு அவர் தன் தொழில் அறிவைக் கொண்டே வழி கண்டுபிடித்தார். மேலே வால்வை மூடிவிட்டால் கீழே எப்படி ஒழுகும்? மூடிவிட்டார். தொண்டை வறண்டால் ஒரு வாய் டீ, அதுவும் தார் மாதிரி. டீக்குத் துணையாக உப்புப் போட்டு வறுத்த முந்திரி, அது தீர்ந்தால் உருளைக்கிழங்கு சிப்ஸ். இப்படியே பாதிப் பாலைவனமாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

பலன் கிடைத்தது. ஒரு வீட்டில் அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் அதைச் சுட்டிக்காட்டி, "பாருங்கம்மா, ஒவ்வொரு சொட்டும்..." என்றார். வாக்கியம் முடியவில்லை. முதுகுப்பக்கம் யாரோ திருப்புளியைச் செருகி ஒரு திருகு திருகிய மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. எழுந்தார். நிற்க முடியவில்லை. கடைசியில் அந்த அம்மாவின் அடுப்படித் தரையில் கையும் காலும் கோணிக்கொள்ளப் படுத்தார்.

"ஐயோ, என்ன சார் ஆச்சு? கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்" என்றாராம், அந்த நிலைமையிலும்.

சிறுநீரகக் கல். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தார்கள். பட வேண்டியதெல்லாம் பட்டு முடித்த பிறகு கல் தானாக வெளியே வந்தது. அதை ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். மீட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"இதுவா? இத்துனூண்டா? இதுவா என்னை அந்தப் பாடு படுத்துச்சு?"

"சின்னதா இருந்தா என்னங்க, கல்லு கல்லுதான்" என்றாள் மனைவி. "ஒரு கல்லோட குடித்தனம் பண்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டர் ஒரு இளம் பெண். முகத்தில் மாஸ்க், கை கம்ப்யூட்டரில், தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. "அடுத்தது இதைவிடப் பெரிசா வந்தா தானா வராது சார். உள்ளே போய்தான் எடுக்கணும்" என்றார். மீட்டருக்கு அந்த 'உள்ளே போய்' காதில் விழுந்தது. அதற்கப்புறம் காது சரியாக வேலை செய்யவில்லை. எந்த வழியாக உள்ளே போவார்கள் என்ற கேள்வியிலேயே அவர் நின்றுவிட்டார்.

டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குடிக்கணும், சிறுநீர் வெளுப்பாகப் போகிற அளவுக்கு. எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் இன்னும் நல்லது, அதில் இருக்கிற சத்து கல் சேரவிடாது. முந்திரி மாதிரிக் கொட்டைகளும் கடும் டீயும் அளவோடு. கறியும் அளவோடு. பாலையும் தயிரையும் நிறுத்தக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் டாக்டர், "கல்லு, உப்பு, இது ரெண்டுக்கும் ரொம்ப நெருக்கம் சார், குறைச்சுக்கோங்க" என்றபோதுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது. மாஸ்க்கையும் மின்விசிறியையும் தாண்டி வந்து சேர்ந்தது ஒரே வார்த்தை.

கல்லுப்பு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் உத்தரவு பிறந்தது.

"முதல்ல அந்தக் கல்லுப்பு டப்பாவைத் தூக்கி வெளியே போடு."

"எதுக்குங்க?"

"டாக்டர் சொன்னதைக் கேட்கலை? கல்லே அதுலதான் இருக்கு. பேரைப் பாரு. பேர்லயே இருக்கு."

"பேர்ல இருந்தா உள்ளேயும் வந்துடுமா?"

"வந்துச்சே!"

"அப்ப கல்கண்டு?"

"அதுவும் கூடாது."

"கல்யாணம்?"

"அதைத்தான் முதல்லயே நிறுத்தியிருக்கணும்."

"நான் அப்பவே எங்கப்பாகிட்ட சொன்னேன்" என்றாள் அவள். "சரி, சமையல்ல உப்புக்கு என்ன பண்றது?"

"தூள் உப்பு வாங்கு. தூள்ல எப்படிக் கல்லு வரும்? வந்தாலும் தூளாத்தான் வரும். தானாப் போயிடும்."

இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வந்தது. படித்த மனிதர், இலாகாப் பரீட்சை எழுதித் தேறியவர், உப்பைப் பொடித்துவிட்டால் அது உப்பாக இல்லாமல் போய்விடும் என்று நம்பினார். அதோடு விட்டாரா?

"பாலையும் நிறுத்து. தயிரையும் நிறுத்து."

"டாக்டர் அதை நிறுத்தாதீங்கன்னு தானேங்க சொன்னாங்க? சாப்பாட்டோட சேர்த்துக்கிட்டா, கல்லு பண்ற சங்கதியை வயித்துலயே பிடிச்சு வச்சு வெளியே தள்ளிடுமாம். கிட்னி பக்கமே போக விடாதாம்."

"பால்ல என்ன இருக்கு? சுண்ணாம்புச் சத்து. சுண்ணாம்பு படிஞ்ச குழாயை நீ பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். வாழ்க்கை முழுக்க அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். கட்டை விரல் நுழையற குழாய்ல குண்டூசி நுழையாது."

"டாக்டர் படிச்சவங்க..."

"அவங்களுக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்?"

ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை மேய்க்கிறவள் அவள். மதியச் சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாலைப் பக்கத்துப் பையனின் பைக்குள் ஊற்றியவர்களைக்கூடப் பார்த்தவள். மறுநாள் காலை ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை நிரப்பி மீட்டரின் பையில் வைத்தாள்.

"சாயங்காலம் காலியா வரணும்."

"வரும்" என்றார் மீட்டர். வாக்குத் தவறாதவர். சாயங்காலம் காலியாகத்தான் வந்தது. மறுநாளும் வந்தது.

அவருடைய அலுவலக அறையில், கோப்புகளுக்கு நடுவே, ஜன்னலோரமாக ஒரு தொட்டியில் கள்ளிச்செடி இருந்தது. மேலதிகாரி ஆசையாகக் கொண்டுவந்து வைத்தது. தண்ணீர் அதிகம் கேட்காத செடி என்பதற்காகவே அந்த இலாகா அதைத் தேர்ந்தெடுத்திருந்தது. மீட்டர் அக்கம்பக்கம் பார்ப்பார். பாட்டிலைச் சாய்ப்பார். கல்லுக்குப் பயந்து வாங்கி வந்ததைக் கள்ளிக்கு வார்த்தார். செடி முதலில் ஆச்சரியப்பட்டது. பிறகு உப்பியது. பிறகு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

இந்த இடத்தில் நான் என் மனைவியை மறித்தேன். "அலுவலகத்துக்குள்ள நடந்தது அந்த டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆபீஸ் டைப்பிஸ்டோட பொண்ணு அவங்க கிளாஸ்தான்" என்றாள் என் மனைவி, கையிலிருந்த டம்ளரை எனக்கு நீட்டிக்கொண்டே. சரியாகத்தான் பட்டது. வாங்கிக் குடித்துவிட்டு மேலே கேட்டேன்.

தன் பெண்ணை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்த அந்த டைப்பிஸ்ட், டீச்சரைப் பார்த்து உருகிவிட்டாளாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு இளகின மனசு டீச்சர்! தினமும் வீட்டுலேர்ந்து பாட்டில்ல தண்ணி கொண்டு வந்து அந்தக் கள்ளிச்செடிக்கு ஊத்தறாரு. தான் ஒரு வாய் குடிக்கமாட்டாரு, எல்லாம் செடிக்கு."

"ஆமாம்மா" என்றாள் டீச்சர். "வாயில்லாத ஜீவன்னா அவருக்கு உயிர். வாய் இருந்தாதான் பிடிக்காது."

வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். போடவில்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே உங்களுக்குத் தண்ணி தரலைங்க. உங்க இஷ்டம்" என்றாள். மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! இத்தனை வருஷக் குடித்தனத்தில் முதல் வெற்றி! ஒரு டீயோடு அதைக் கொண்டாடினார்.

இங்கே மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீட்டரின் மனைவிக்கு ஒரு தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர். அடுத்த தெருவில் ஜாகை. மாலையில் அக்கா வீட்டுக்கு வந்து, மீட்டர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அதுவும் காலை அகட்டிக்கொண்டு உட்காருவான். உட்கார்ந்துகொண்டு மீட்டரின் தொப்பையை ஒரு விரலால் தட்டி, "என்ன மாமா, மீட்டர் ஓடுதா?" என்பான். மீட்டருக்கு வயிறு எரியும். இந்த உலகத்தில் அவருக்குப் பிடிக்காத மனிதர்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் மச்சினனுக்கு. இரண்டாமிடம் காலியாக இருக்கும், அவ்வளவு தூரம் முன்னால் நின்றான் அவன்.

அந்த வாரம் ஃபிரிட்ஜைத் திறந்த மீட்டர், உள்ளே ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்தார்.

"என்ன இது?"

"எலுமிச்சைத் தண்ணிங்க. சர்க்கரை போடாதது. தம்பிக்கு. தொட்டுடாதீங்க."

"ஏன், உன் தம்பி வீட்டுல குழாய் இல்லையா?"

"பாவம், உடம்பை வருத்தி வேலை பார்க்கிறான். வேர்த்து விறுவிறுத்து வருவான். அவனுக்குன்னு வச்சிருக்கேன்."

"நானும்தான் வேர்த்து விறுவிறுத்து வர்றேன்."

"நீங்க தண்ணி குடிக்கிற ஜாதி இல்லையே."

அவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். மீட்டர் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். என் வீடு, என் ஃபிரிட்ஜ், என் எலுமிச்சம்பழம், குடிக்கிறது மட்டும் அந்தத் தடியனா? ஜாடியைத் தூக்கினார். அவள் இறங்கி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் மடமடவென்று குடித்தார். பிறகு தடயம் தெரியாமல் இருக்கக் குழாய்த் தண்ணீரை அதே அளவுக்கு நிரப்பி வைத்தார். இலாகா ஆள், அளவில் தப்பு வராது.

மறுநாள் அவள் ஜாடியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "தம்பி சொல்றான், எலுமிச்சை வாசனையே இல்லையாம். ஏன்னு தெரியலையே."

"பழம் சரியில்லையோ என்னவோ" என்றார் மீட்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு. உள்ளுக்குள் அவருக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. அது எலுமிச்சையால் வந்ததா, மச்சினன் வெறும் தண்ணீரைக் குடித்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் ஜாடி ஒன்று இரண்டாயிற்று. காலையில் அலுவலகம் புறப்படும்போது கையில் ஒரு பாட்டிலும் வந்தது.

"போற வழியில ஜிம்ல தம்பிகிட்ட கொடுத்துட்டுப் போங்க."

"நான் என்ன உன் தம்பிக்கு வேலைக்காரனா?" என்று ஒப்புக்குக் கத்திவிட்டு, வாங்கிக்கொண்டு போனார். ஜிம்மைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வீடு படியேறி இறங்கும்போதெல்லாம் பையைத் திறந்து ஒரு மடக்கு. உபதேசத்துக்கு முன்னால் ஒரு மடக்கு, பின்னால் ஒரு மடக்கு. கள்ளிச்செடிக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை. அது மெல்ல நிமிர்ந்து நின்றது. மேலதிகாரி சந்தோஷப்பட்டார்.

திருடிக் குடித்ததை இறக்கி வைக்க வேண்டாமா? இத்தனை வருஷம் கட்டிக் காத்த கௌரவம் ஒரே வாரத்தில் கழிவுநீரோடு போயிற்று. "அம்மா, உங்க குழாய் ஒழுகுது. அதிருக்கட்டும், உங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தார். சில வீடுகளில் இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டார்.

தயிர் விஷயமும் இதேதான். சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணம் தயிரை மூடி வைத்து, "இது தம்பிக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போவாள். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அவள் திரும்பி வரும்போது கிண்ணம் மூடியபடியே இருக்கும். மீசையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

"தயிர் குறைஞ்ச மாதிரி இருக்கே."

"வெயில்ல வத்தியிருக்கும்."

முந்திரிக்கு நேர்மாறாக ஒரு வழி வைத்திருந்தாள். உப்பு முந்திரியை ஒரு தட்டு நிறைய அவர் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க, உங்களுக்காகத்தான்" என்றாள்.

மீட்டரின் கண் சுருங்கியது. "ஏன்? உன் தம்பிக்கு வேண்டாமா?"

"அவன் இதெல்லாம் தொடறதில்லைங்க. மிஞ்சிப் போச்சு. உங்களுக்குக் கொடுக்கலாமேன்னு..."

"ஓகோ. அவன் கழிச்சதைக் கொட்டறதுக்கு நான்தான் கிடைச்சேனா?" தட்டைத் தள்ளிவிட்டார். சிப்ஸுக்கும் அதே கதி. தன்மானம் என்றால் தன்மானம்!

மிஞ்சியது உப்பு. கல்லுப்பு போய்விட்டது, மேசைமேல் தூள் உப்புக் குப்பி வந்துவிட்டது, மேலே துளைத் துளையாக மூடி போட்டது. சமையலில் அவள் உப்பைக் கிள்ளித்தான் போட்டாள். மீட்டர் குப்பியைக் கவிழ்த்து, மணியடிக்கிற மாதிரி ஆட்டுவார். ஒன்றும் தெரியாது. இன்னும் ஆட்டுவார்.

"இந்தத் தூள் உப்புல சாரமே இல்லையே!"

"தூள்னா அப்படித்தாங்க. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கல்லு மாதிரி வருமா?"

அந்த மூடியில் ஒரே ஒரு துளையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நகப்பூச்சால் அடைத்திருந்தாள். நிறமில்லாத நகப்பூச்சு. ஒழுகுவதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற மனிதருக்கு, ஒழுகாதது கண்ணில் படவில்லை.

மாதங்கள் போயின. மறுபடி ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. வெளியே வீறாப்பாக இருந்தாலும் அந்த 'உள்ளே போய்' என்ற வார்த்தை அவருக்குள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்தே இருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே பக்கத்தை அவள் திரும்பத் திரும்பத் திருத்தியதை அவர் கவனிக்கவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சார். சின்ன மணல் கூட இல்லை. என்ன பண்ணீங்க?"

மீட்டர் நாற்காலியில் வளர்ந்தார். "நீங்க சொன்னதுதான் டாக்டர். கல்லுப்பை அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"எதை?"

"கல்லுப்பு. இப்ப தூள் உப்புதான்."

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். "நான் கல்லு, உப்புன்னு சொன்னேன் சார். தனித்தனியா. தூளா இருந்தா என்ன, கட்டியா இருந்தா என்ன? உப்பு உப்புதான். அதெல்லாம் காரணமில்லை. நீங்க தண்ணி நல்லா குடிச்சிருக்கீங்க. ரிப்போர்ட்டே சொல்லுது."

"தண்ணியா? நானா?"

மனைவி பரீட்சைத் தாளில் யாருக்கோ சரி போட்டாள்.

வீடு வந்து சேரும்வரை மீட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கல்லுப்பு வெற்றி கைநழுவிவிட்டது. ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒரு வெற்றி வேண்டாமா? தண்ணீர்தான் காரணம் என்றால், அந்தத் தண்ணீரைத் தன் புத்திசாலித்தனத்தால் சம்பாதித்தது யார்? கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் மச்சினன். அவருடைய நாற்காலி. அகட்டிய கால்.

"என்ன மாமா, மீட்டர் ஓடுதா?"

"ஓடுதுடா, நல்லா ஓடுது! எதுல ஓடுதுன்னு தெரியுமா? உன் தண்ணியில! உங்கக்கா உனக்குன்னு வச்ச ஜாடியை எல்லாம் காலி பண்ணது நான். ஜிம்ல கொடுக்கச் சொன்ன பாட்டிலை எல்லாம் குடிச்சது நான். தயிரும் நான்தான். இத்தனை நாளா நீ குடிச்சது வெறும் குழாய்த் தண்ணிடா! அக்கா, தம்பி ரெண்டு பேருக்கும் தண்ணி காட்டிட்டேன்!"

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "எந்த ஜாடி மாமா?"

"நடிக்காதே. எலுமிச்சைத் தண்ணி!"

"எலுமிச்சையா? எனக்கு வாடை பட்டாலே பல்லு கூசுமே மாமா. சின்ன வயசுலேர்ந்து தொட்டதில்லையே. ஏன்க்கா, நீ எனக்கு எப்ப ஜாடி வச்சே?"

அவள் கைப்பையிலிருந்து எதையோ தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"நீங்க எங்கங்க தண்ணி காட்டினீங்க? நான்தான் காட்டினேன். நீங்க குடிச்சீங்க."

ஏமாற்றுவதற்கும் தண்ணி காட்டுவது என்றுதான் பெயர், மாட்டைத் தொட்டிக்கு அழைத்துப்போய் நிறுத்துவதற்கும் அதுதான் பெயர். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று மீட்டர் கேட்கவில்லை. இரண்டுமே பொருந்தும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

இவ்வளவுதான் கதை. அன்று நான் சிரித்த சிரிப்பில் இடுப்புக் குத்தல் மறந்துபோயிற்று. "சரியான மாடு!" என்றேன். "ஒரு ஆம்பளை இப்படியா ஏமாறுவான்? உடம்புக்கு நல்லதுன்னா தானே குடிச்சுட்டுப் போறது! என்னைப் பாரு." சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்த அடுத்த டம்ளரை ஒரே மூச்சில் குடித்துக் காட்டினேன். அன்றிலிருந்து, யாரும் சொல்லாமல், நானாகவே, நாள் பூராவும் தண்ணீர் குடித்து வருகிறேன். அந்த மீட்டரைப் போல ஒருத்தி தந்திரம் செய்து குடிக்க வைக்கிற நிலைமையில் நான் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு.

ஆனால் வயது ஏற ஏறப் பெருமை குறைந்து யோசனை கூடுகிறது. அந்த டீச்சரை நான் பார்த்ததே இல்லை. எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாளாம். குடிநீர் இலாகாவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு பட்டப்பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்றார். இன்னொன்று. இந்தக் கதையை அவள் அடிக்கடி திரும்பச் சொல்வாள்; உப்புக் குப்பியில் நகப்பூச்சு அடைத்த சங்கதி முதல் தடவை சொன்னபோது அதில் கிடையாது. நான் ஒரு நாள் சிப்ஸ் பாக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் அது கதைக்குள் வந்தது. தயிர்க் கிண்ணம் வந்தது, தயிர் வேண்டாம் என்று நான் சொல்ல ஆரம்பித்த மாதத்தில். முந்திரித் தட்டு எப்போது வந்தது என்பதை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அந்த டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிறாள். என் மனைவியும் திருத்துகிறாள். அந்த டீச்சருக்கு ஒரு தம்பி. எனக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான், அவனும் என் நாற்காலியில்தான் உட்காருகிறான்.

போன வாரம் பிற்பகல். என் மனைவி மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தாமல் ஒரு டம்ளரை என் பக்கமாக நகர்த்தினாள். எலுமிச்சை வாசனை. பழக்க தோஷம், எடுத்துக் குடித்தேன். அடியில் கிடந்த கடைசி விதைவரை குடித்து முடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்:

"ஏம்மா, அந்த மீட்டர்னு ஒரு ஆளு நிஜமாவே இருந்தாரா, இல்ல, நீ தண்ணி காட்டினது எனக்குத்தானா?"